முள் ஏறவில்லை என்றான்

பிப்ரவரி 5, திங்கள்

இன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுதி வைக்கப்போகிறேன். வாயால் சொன்னால் லாரி உரிமையாளர் சங்கத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். தேதி போட்டு எழுதியிருந்தால் எவனும் மறுக்க முடியாது.

நடந்தது இது. என் லாரிக்கு வயது இருபத்துமூன்று. வெள்ளிக்கிழமை கோழித்தீவனம் ஏற்றிக்கொண்டு சங்ககிரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கிளம்பியது. ஓட்டியவன் நாச்சிமுத்து, ஒன்பது வருடமாக என் டிரைவர். தொப்பூர் ஏற்றத்தில் பாதி மலையில் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் வெந்து, இன்ஜினின் தலைப்பாகமான ஹெட்டே வளைந்துவிட்டது. ரேடியேட்டரைப் பார்த்தால் சல்லடைக் கண் முழுக்கத் தவிடு. தீவன லோடு ஓட்டுகிற வண்டிக்குத் தவிடு அடைப்பது புதிதில்லை. அதற்குத்தானே டிரைவர் முகத்துக்கு நேராக ஹீட் மீட்டர் வைத்திருக்கிறது? முள் மேலே ஏறும்போதே ஓரம் கட்டி நிறுத்தினால் இத்தனையும் வந்திருக்காது.

கேட்டதற்கு, "முள்ளு ஏறவே இல்லீங்ணா. கீழயேதான் கெடந்துச்சு. ஆவி வந்த பொறவுதான் எனக்கே தெரியுமுங்க" என்கிறான்.

ஏறவே இல்லையாம். இன்ஜின் வெந்து வளைகிற சூட்டில் முள் மட்டும் படுத்துத் தூங்கியதாம். என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான். செல்போனில் எவனோடாவது பேசிக்கொண்டே ஏறியிருப்பான், வேறென்ன?

சங்கத் தலைவர் வையாபுரியிடம் புகார் கொடுத்துவிட்டேன். 25ஆம் தேதி ஞாயிறு விசாரணை. எங்கள் சங்க அலுவலகத்தில் ஒரு கரும்பலகை உண்டு. தப்புச் செய்த டிரைவர் பேரை அதில் சாக்பீஸால் எழுதிவிட்டால், அது அழிக்கப்படும்வரை சங்கத்து வண்டி எதையும் அவனுக்குக் கொடுக்கக்கூடாது. இங்கே இருப்பதெல்லாம் சங்கத்து வண்டிதான். அவனுக்குத் தெரிந்ததும் லாரி ஓட்டுவது ஒன்றுதான்.

அந்தப் பலகையில் நாச்சிமுத்து பேரைப் பார்க்காமல் நான் விடுவதாக இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஹெட் லேத் பட்டறைக்குப் போயிருக்கிறது. பத்து நாளாவது ஆகும் என்கிறார்கள். முழங்கால் வலி.

பிப்ரவரி 7, புதன்

எலக்ட்ரீஷியன் கபூர் பாயை அழைத்து வந்தேன். மீட்டர் நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதைப் படிக்கிற சங்கத்து ஆட்களில் பாதிப் பேருக்கு வண்டிக்கு டயர் உண்டு என்பதைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் விளக்கி எழுதுகிறேன். இன்ஜினில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கட்டைவிரல் அளவு பித்தளை சென்சார் ஒன்று திருகியிருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் டேஷ்போர்டில் இருக்கிற மீட்டருக்குப் போகும். ஒயரைச் சென்சாரிலிருந்து கழற்றி இன்ஜின் இரும்பில் தொட்டால் முள் உச்சிக்குப் போகவேண்டும். போனால் மீட்டரும் ஒயரும் யோக்கியம்.

பாய் சாவியைத் திருகி ஒயரைத் தொட்டார். முள் ஜம்மென்று மேலே ஏறி சிவப்பில் நின்றது. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

"பாத்தீங்களா பாய்? எழுதிக் குடுங்க, மீட்டர் நல்லா இருக்குதுன்னு."

"மீட்டரு நல்லாத்தான் இருக்குதுங்க. சென்சாரப் பாக்க வேண்டாமா? அதுவும் போக, இது வால்வு எடுத்த வண்டி."

அது உண்மைதான். இங்கே எல்லாருமே தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிடுவோம், இன்ஜின் குளுகுளுவென்று ஓடட்டும் என்று. அதனால் சமவெளியில் முள் கீழேயே கிடக்கும். மலை ஏறினால்தான் அசையும்.

"அதனால என்ன பாய்?"

"கீழயே கெடக்கற முள்ளு செத்துப்போயிக் கெடக்குதா, உசுரோட கெடக்குதான்னு ஓட்டறவனுக்கு எப்புடிங்க தெரியும்? அவன் மேல மட்டும் பழியப் போடாதீங்க."

பாய் யார் பக்கம் என்று தெரிந்துவிட்டது. எல்லாரும் அவன் பக்கம்தான். லோடு பிடித்துத் தருகிற தரகு ஆபீஸ்காரர்கள் எனக்குப் போன் செய்வதில்லை, அவனுக்கே செய்கிறார்கள். "நாச்சிமுத்து வண்டி வந்துருச்சா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது செங்கோட்டுவேல் என்கிற என் பேர். தீவன ஆலையில் தீபாவளிக்கு அவனுக்குச் சட்டைத்துணி, எனக்குக் காலண்டர். முழங்கால் நசுங்குவதற்கு முன்னால் நாலு வருடம் இதே வண்டியை நான் ஓட்டினேன். அதில் ஒரு நாளாவது இன்ஜின் கொதித்ததுண்டா?

இதெல்லாம் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

சென்சார் சோதனை. பாயிடம் கரண்ட் சோதிக்கிற மீட்டர்பெட்டி இரவல் வாங்கி வந்து நானே செய்தேன். இனி எவன் தயவும் வேண்டாம்.

சென்சாரைக் கழற்றுவது லேசாக இல்லை. ஜனவரியில் எஃப்.சி.க்கு, அதுதான் வண்டித் தகுதிச் சான்றுக்கு, வண்டியைத் தயார் செய்தபோது அது சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மெக்கானிக்கை எதிர்பார்க்காமல் நானே கழற்றி, திருகில் வெள்ளை டேப் சுற்றி, மேலே பசையும் தடவிப் பூட்டினேன். போர்வெல் ரிக்கில் பதினோரு வருடம் குழாய் பூட்டிய கை. நான் பூட்டிய இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகியதாகச் சொல்ல எவனும் பிறக்கவில்லை. எஃப்.சி. ஆபீஸில் இன்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவருக்கு ஒரு ஈரப் பொட்டுகூடக் கிடைக்கவில்லை.

டேப்பை உரித்துவிட்டு, சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, சென்சாரைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டேன். மீட்டர்பெட்டியின் ஒரு முனை சென்சாரின் பித்தளை உடம்பில், இன்னொரு முனை தலையில். தண்ணீர் சூடாகச் சூடாக எண் இறங்கவேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். அப்படியே இறங்கியது. ஆக சென்சாரும் யோக்கியம். மீட்டர், ஒயர், சென்சார் மூன்றும் யோக்கியம் என்றால் பொய் சொல்வது யார்?

என் மனைவி நாகமணி உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள். "பால் பாத்தரத்துலயா அத வேக வெக்கறீங்க?"

"ஒரு பாத்திரம்தானே, கழுவிக்கோ."

"அந்தண்ணன் பொய் சொல்ற ஆளு இல்லீங்க. ஒம்பது வருசத்துல ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலீங்க. கோவத்துல இருக்கீங்க."

பாத்திரத்தைக் கொண்டுபோய்த் தெருக்குழாயடியில் கடாசினாள். என் வீட்டிலேயே எனக்கு ஆதரவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

டீக்கடையில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். நான் போனதும் எழுந்தான். அந்தப் பணிவெல்லாம் எனக்குத் தெரியாததா? எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ஏம்ப்பா, மீட்டர் நல்லா இருக்குது. சென்சார் நல்லா இருக்குது. ரெண்டையும் டெஸ்ட் பண்ணிட்டேன். இப்ப என்ன சொல்ற?"

"முள்ளு ஏறலீங்ணா."

"எத்தன தடவ அதையே சொல்லுவ?"

"நடந்தது அதுதானுங்களே. வேற என்னத்தச் சொல்லட்டும்?"

"போன்ல ஆருகூடப் பேசிட்டுப் போன?"

அவன் முகம் மாறியது. டீ கிளாஸை வைத்துவிட்டு, "அண்ணா, இத்தன வருசத்துல ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு நான் போன் எடுத்ததில்லீங்க. உங்களுக்கே தெரியும். நீங்க கூப்புட்டே எடுக்காம எத்தன தடவ ஏச்சு வாங்கியிருக்கறேன்" என்றான்.

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வருடம் சோறு போட்டவன் நான் என்றேன். நீ இல்லையென்றால் இந்த ஊரில் வேறு டிரைவர் கிடையாதா என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன், அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அவன் குரலை உயர்த்தவே இல்லை. "வெசாரணையன்னைக்கு வண்டியக் கொண்டாந்து நிறுத்துங்க. எல்லார்த்துக்கும் முன்னால முள்ளு ஏறுச்சுன்னா, ஆரும் எழுத வேண்டாமுங்க. என்ற பேர நானே எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எழுதத்தான் போகிறாய்.

பிப்ரவரி 15, வியாழன்

லேத் பட்டறையில் இன்னும் ஹெட்டைத் தொடவே இல்லை. நாகமணி அவள் தங்கை வீட்டு வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடாமலே போய்விட்டாள். மத்தியானம் பழைய சோறு. தென்னைக்குத் தண்ணீர் விட்டேன்.

பிப்ரவரி 19, திங்கள்

ஹெட் வந்தது. மெக்கானிக் காலையிலிருந்து பூட்டினான். ரேடியேட்டரும் தவிடெல்லாம் ஊதிச் சுத்தமாகிவிட்டது. சென்சாரை மட்டும் அவனைத் தொட விடவில்லை. நானே புது டேப் எடுத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, பசை தடவி, அளவாகத் திருகினேன். கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தேன், காய்ந்த துணி காய்ந்தபடியே இருந்தது. சாயங்காலம் ஸ்டார்ட் செய்தோம். சத்தம் சுத்தம். மெக்கானிக் கிளம்பிவிட்டான்.

நாளைக்கு முள்ளை ஏற்றிப் பார்த்து வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு தடங்கலும் இருக்கக்கூடாது.

பிப்ரவரி 20, செவ்வாய்

ரேடியேட்டருக்கு முன்னால் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். காற்றுப் போகாவிட்டால் கால் மணி நேரத்தில் சூடேறிவிடும். ஏறியது. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் கை சுட்டது. மூடியிலிருந்து ஆவி கசிந்தது.

முள் கீழேயே கிடந்தது.

டேஷ்போர்டைத் தட்டினேன். குத்தினேன் என்றே சொல்லலாம். டீசல் முள் சரியாகக் காட்டுகிறது, இது மட்டும் அசையவில்லை. இன்ஜினை அணைத்து, ஒயரைக் கழற்றி இரும்பில் தொட்டால் முள் துள்ளிக்கொண்டு மேலே போகிறது. சென்சாரில் மாட்டினால் படுத்துக்கொள்கிறது. இந்த ஒயர் தொட்டால் எழும்புகிறது, அந்தச் சென்சார் பாத்திரத்தில் ஒழுங்காக வேலை செய்கிறது. தனித்தனியாக எல்லாம் யோக்கியம், சேர்த்துவிட்டால் பொய். என் வாழ்க்கையில் வந்து சேர்ந்த ஆட்கள் மாதிரியே இருக்கிறது.

நாச்சிமுத்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து எதையாவது செய்துவிட்டுப் போயிருப்பானோ என்றுகூட நினைத்தேன். வண்டி நிற்கிற கொட்டகைக்குப் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில் இருக்கிறது. இருந்தாலும் நினைத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

பாய்க்குப் போன் போட்டேன். முள் ஏறாததைச் சொல்லவில்லை. சும்மா கேட்பதுபோல, "சென்சாருக்கு ஒரே ஒயர்தானே பாய், வேற எதுவும் இல்லையே?" என்றேன்.

"ஒயரு ஒண்ணுதானுங்க. அதுக்காகக் காலும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க. இன்னொரு காலு, அது திருகியிருக்கற இரும்புதான். பித்தளையும் இரும்பும் ஒண்ணையொண்ணு தொட்டாத்தான் எர்த் கெடைக்கும். எர்த் இல்லீனா சென்சாரு தங்கமாவே இருந்தாலும் முள்ளு ஏறாது. ஏனுங்க, ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"ஒண்ணுமில்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். கேபினுக்குள் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மீட்டர் தெரியும். இன்ஜினைச் சூடாக்கினேன். முள் கீழே. பெரிய ஸ்குரூடிரைவரை எடுத்து, நுனியைச் சென்சாரின் பித்தளையிலும் தண்டை இன்ஜின் இரும்பிலும் வைத்து அழுத்தினேன்.

முள் மெதுவாக எழுந்தது. பாதியைத் தாண்டிப் போனது. எடுத்தேன், இறங்கியது. வைத்தேன், ஏறியது. ஐந்து முறை செய்து பார்த்தேன்.

ஆறவிட்டுச் சென்சாரைக் கழற்றினேன். பன்னிரண்டு சுற்று டேப்பும் பசையும் திருகு முழுக்க மெத்தைபோல் அப்பியிருந்தது. பித்தளை இரும்பைத் தொட இடமே இல்லை. குழாய்க்குத் தண்ணீர் நின்றால் போதும், கரண்ட் வேண்டியதில்லை. இதற்கு வேண்டும்.

ஜனவரியிலும் இப்படித்தான் சுற்றினேன். அதற்குப் பிறகு போனதெல்லாம் சமவெளி லோடு, முள் கீழே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. தொப்பூர்தான் முதல் மலை.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, செம்பு வாஷர் மட்டும் போட்டு இறுக்கினேன். சாக்கைக் கட்டி ஓடவிட்டேன். முள் ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக இறங்கியது. சொட்டும் ஒழுகவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

வண்டியைக் கழுவினேன். முள்ளை இன்னும் இரண்டு முறை பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது.

பிப்ரவரி 24, சனி

யோசித்துப் பார்த்தால் அவன் மேலும் தப்பு இருக்கத்தான் செய்கிறது. மலை ஏறும்போது இன்ஜின் இழுவை குறைந்திருக்கும், சத்தம் மாறியிருக்கும், வாசனை வந்திருக்கும். நல்ல டிரைவர் என்று ஊரே சொல்கிறதே, அது தெரிய வேண்டாமா? முள்ளையே நம்பி ஓட்டுகிறவன் என்ன டிரைவர்?

வேறு யாருக்கும் தெரியாது. டேப்பை அடுப்பில் போட்டுவிட்டேன். நாகமணி என்ன நாற்றம் என்று கேட்டாள். ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

நானே போய், நான்தான் சுற்றினேன் என்று வையாபுரி முன்னால் நிற்பதா? டீக்கடையில் சிரித்த அந்த இரண்டு பேரும் அங்கே வருவார்கள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பத்து மணிக்குச் சங்க வாசலில் வண்டியை நிறுத்தினேன். முழங்கால் உயிர் போகிற வலி, ஆனாலும் நானே ஓட்டிக்கொண்டு போனேன். வையாபுரியும் வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். கபூர் பாய் ஈரோட்டில் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான்.

சாக்கைக் கட்டி இன்ஜினை ஓடவிட்டேன். நான் டிரைவர் சீட்டில், வையாபுரி பக்கத்தில். நாச்சிமுத்து படியில் ஏறி ஜன்னல் வழியாக மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. ஏறாது என்று அவ்வளவு உறுதியாக இருந்தான்.

ஏறியது. கால்வாசி, பாதி, முக்கால். சிவப்பைத் தொட்டதும் வையாபுரி, "போதும், நிறுத்துங்க" என்றார்.

நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். ஏதோ செஞ்சிருக்கீங்க என்று அவன் கத்துவான், அதற்கு என்ன பதில் சொல்வதென்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தேன். அவன் கத்தவில்லை. படியிலிருந்து இறங்கி, கண்களை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டு, மறுபடி ஏறி எட்டிப் பார்த்தான்.

"ஏறுதுங்களே" என்றான், என்னிடமில்லை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு வையாபுரியிடம், "எனக்கு அன்னைக்கு முள்ளு கீழ கெடந்த மாதிரிதானுங்க தெரிஞ்சுது. சத்தியமாப் பாத்துட்டேதான் போனேன். ஒருவேள கண்ணுதான் போயிருச்சோ என்னமோ. அண்ணன் சொன்னது சரிதானுங்க, தப்பு என்றதுதான்" என்றான்.

உள்ளே போனான். சாக்பீஸை அவனே எடுத்தான். அவனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. நின்று, யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். எழுதிவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "வண்டியக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்ணா" என்றான்.

நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் நாகமணி, "ஏறுச்சுங்களா?" என்று கேட்டாள். ஏறியது என்றேன். "அப்ப அந்தண்ணன் ஏனுங்க அப்புடிச் சொல்லுச்சு?" என்றாள். பசியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஜெயித்தாயிற்று.

பிப்ரவரி 26, திங்கள்

புது டிரைவர் பார்க்க வேண்டும். இரண்டு பேர் வந்தார்கள். எவனையும் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

நாகமணி ரேஷன் கடையில் நாச்சிமுத்து மனைவியைப் பார்த்திருக்கிறாள். வந்து அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்.

"நேத்து கண்ணாஸ்பத்திரிக்குப் போனாங்களாமா. டாக்டரு எல்லாம் பாத்துட்டு கண்ணு பழுதில்ல, நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாராமா. அந்தண்ணன் ஒத்துக்கலையாமா. இன்னொருக்காப் பாருங்க, இன்னொருக்காப் பாருங்கன்னு நின்னுச்சாமா. திரும்பி வாரப்ப மொபெட்டக் கூட ஓட்ட மாட்டேன்னு சொல்லிருச்சாமா. பொண்டாட்டிதான் தள்ளிட்டே வந்திருக்குது."

அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க ஏன் ரெண்டு நாளா சாப்புடலேன்னு பாக்கறேன்."

கோபம் வந்தது. எவன் மேல் என்று தெரியாமல் ஒரு கோபம். அவன் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பொய் சொல்கிறான் என்று அவனைச் சொன்னேன், குருடன் என்று சொல்லவில்லையே. அதை அவனாகவே எடுத்துக்கொண்டான். இல்லை, நான்தான் கொடுத்தேன்.

பிப்ரவரி 28, புதன்

காலையில் வையாபுரியிடம் போய், நாச்சிமுத்துவையும் அன்றைக்கு வந்தவர்களையும் கூப்பிடச் சொன்னேன். எதற்கு என்றார். வந்தால் சொல்கிறேன் என்றேன்.

பதினோரு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். நாச்சிமுத்து நடந்து வந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நான் சொல்லிவிட்டேன். ஜனவரியில் டேப் சுற்றியது, மறுபடியும் சுற்றியது, வியாழக்கிழமை ஸ்குரூடிரைவரை வைத்துப் பார்த்தது, டேப்பை அடுப்பில் போட்டது. சொல்லும்போது பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுதியது அப்படியே இருந்தது.

வையாபுரி எழுந்து தோளில் கிடந்த துண்டால் அந்தப் பேரை அழித்தார். "அப்ப இவரு பேர எழுதோணுமுங்களா?" என்று ஒருவன் கேட்டான். மொதலாளி பேர எழுதற வழக்கமில்லையே என்று இன்னொருவன் சொன்னான். பலகை காலியாகவே இருந்தது.

நாச்சிமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"வியாழக்கிழம."

"ஞாயித்துக்கெழம நான் சாக்பீஸ் எடுத்தப்ப தெரியுமுங்களா?"

"தெரியும்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

சாவியை நீட்டினேன். "வண்டிய எடுத்துக்க, நாச்சிமுத்து. பழையபடி நீயே ஓட்டு. என்னை என்ன வேணாலும் சொல்லு."

"வேண்டாமுங்க."

"வேற வண்டிக்காச்சும் போ. இப்பத்தான் பேர அழிச்சாச்சே."

"எந்த வண்டியும் வேண்டாமுங்க. முள்ளு ஏறுதா எறங்குதான்னு இனி எனக்கு நிச்சயமாச் சொல்ல முடியாது."

"அதான் மீட்டர்தான் பொய் சொல்லுச்சுன்னு சொல்லிட்டேனே! உன்ற கண்ணு நல்லா இருக்குதப்பா."

"நீங்க சொல்றீங்க" என்றான். "ஞாயித்துக்கெழமயும் நீங்கதானுங்க முள்ள ஏத்திக் காட்டுனீங்க."

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். சாவி என் கையிலேயே இருந்தது.

சங்கத்துக்கு எதிரே பழைய சேலம் ரோடு. பைபாஸ் வந்த பிறகு அதில் வண்டிப் போக்குவரத்து அதிகமில்லை. நாச்சிமுத்து ஓரத்தில் நின்றான். வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், மறுபடி வலது பக்கம் பார்த்தான். ரோடு காலியாக இருந்தது. ஒரு காலை எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் தூரத்தில் வந்தாள். அவள் வந்து, தாண்டி, வளைவில் மறையும்வரை நின்றான். பிறகும் நின்றுகொண்டே இருந்தான்.

நான் போய் அவன் கையைப் பிடித்தேன். அவன் உதறவில்லை. நான் யார் என்று பார்க்கவும் இல்லை. "வண்டி எதும் வருதுங்களா?" என்று மட்டும் கேட்டான்.

வரவில்லை என்றேன். அவன் நம்பவில்லை, நகரவில்லை.